குழந்தைக் கதைகளை வைத்துப் பூங்காவில் ஒரு பகுதி அமைப்பது எப்படி: கதைத் தேர்விலிருந்து திறப்பு வரை முழு வழிகாட்டி

கதைப் பூங்கா அமைக்கிறவர்களில் பாதிப்பேர் முதல் வேலையாக ஃபைபர் பட்டறைக்குத்தான் போகிறார்கள். சிங்கம் ஒன்று, முயல் ஒன்று, பாட்டி ஒன்று என்று ஆர்டர் கொடுத்துவிட்டு, சிலை லாரியில் வந்து இறங்கியபின் அதை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிறார்கள். குழந்தை வருகிறது, சிங்கத்தைப் பார்க்கிறது, அப்பா ஒரு போட்டோ எடுக்கிறார், அடுத்த நிமிடம் அது பக்கத்திலிருக்கும் சாதாரண ஊஞ்சலுக்கு ஓடிவிடுகிறது. ஊஞ்சலில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, சிங்கத்திடம் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் சிலை எட்டாவது படியில்தான் வரும். வரிசை முக்கியம்: கதை, அதில் குழந்தையின் வேலை, கூட்டக் கணக்கு, பாதை, ஒத்திகை, அளவுகள், அதற்கப்புறம்தான் பொருள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிலவரத்தை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கடலோர ஊர் ஒன்றில், ஏற்கெனவே இருக்கும் பூங்காவுக்குள் 50 சென்ட் இடம். 3 முதல் 8 வயதுக் குழந்தைகள். கதைகள் நான்கு: பாட்டி வடை சுட்டது, சிங்கத்தை முயல் கிணற்றுக்குக் கூட்டிப்போனது, குரங்கும் முதலையும், வேடன் விரித்த வலையோடு பறந்த புறாக்கள்.

1. வரையத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மட்டம் எடுத்த நில அளவை வரைபடம். வெறும் எல்லைக்கோடு போதாது, எந்த மூலை தாழ்வு, எது மேடு என்று தெரிய வேண்டும். ஏனென்றால் கதையில் வரும் ஆற்றைத் தாழ்வான மூலையில் வைத்தால், ஐப்பசி மழையில் அது நிஜ ஆறாகவே ஆகிவிடும். மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும் என்பதைப் பூங்காக் காவலாளியிடம் கேளுங்கள், எந்த வரைபடத்தையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, நிழல் வரைபடம். காலை 10, மதியம் 1, மாலை 4 என்று மூன்று நேரத்தில் எந்த மரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மே மாதத்தில். மூன்றாவது, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை குழந்தைகள் வாசலுக்குள் வருகிறார்கள் என்ற எண்ணிக்கை. நீங்களே நின்று எண்ணுங்கள். இந்த எண் இல்லாமல் நான்காவது படியைப் போடவே முடியாது.

நான்காவதாக, திறந்தபிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு யார் பணம் தருவார்கள், எவ்வளவு தருவார்கள் என்பது எழுத்தில் வேண்டும். அந்தத் தொகை சிறியது என்றால் அசையும் உறுப்புகளைக் குறைத்துத்தான் வடிவமைக்க வேண்டும். பணம் இல்லாத இடத்தில் மோட்டார் வைத்தால் ஒரு வருடத்தில் அது துருப்பிடித்த பெட்டி. நிலத்தடி மின்கம்பி, பழைய சாக்கடைக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

2. கதையைத் தேர்ந்தெடுப்பது

நல்ல கதை எல்லாம் நல்ல இடமாக ஆகாது. தெனாலிராமன் கதைகளில் பல பேச்சிலேயே நிற்பவை. கேட்க அருமை, ஆனால் மண்ணில் கட்ட ஒன்றும் இருக்காது. நான் பார்ப்பது மூன்று விஷயம். கதை நடக்கும் இடத்தை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா (கிணற்றடி, ஆற்றங்கரை, திண்ணை)? அதில் உடம்பால் செய்கிற ஒரு செயல் இருக்கிறதா (இழுப்பது, தாண்டுவது, தூக்குவது)? பூங்காவுக்கு வரும் பாட்டிக்கோ அப்பாவுக்கோ அந்தக் கதை ஏற்கெனவே தெரியுமா? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரியவருக்குத் தெரிந்த கதையென்றால் அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார், உங்களுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம்.

நான்கு கதைகளும் ஒரே மாதிரி செயலாக இருக்கக் கூடாது. நம் பட்டியலில் வடை போடுவது, சிங்கத்தைக் குனிய வைப்பது, தாண்டிப் போவது, எல்லோரும் சேர்ந்து இழுப்பது என்று நான்கும் வேறு வேறு.

உரிமையையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். பஞ்சதந்திரக் கதைகளும் வாய்மொழிக் கதைகளும் பொதுச்சொத்து. ஆனால் அந்தக் கதைக்கு இந்தக் காலத்தில் யாராவது வரைந்த படம், அனிமேஷனில் வந்த முகம், இவை பொது அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, பெயரோடு வந்த ஒரு படைப்புக்கு அதைப் படைத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. பட்டறையில் பிரபல கார்ட்டூன் பாத்திரங்களின் அச்சு தயாராக, விலை மலிவாக இருக்கும். வாங்காதீர்கள். வழக்கு வரும் என்பது ஒரு காரணம், அந்த எலியும் வாத்தும் உங்கள் நான்கு கதைகளில் எதிலும் இல்லை என்பது இன்னொரு காரணம்.

3. ஒவ்வொரு கதையிலும் குழந்தைக்கு ஒரு வேலை

வழிகாட்டியின் நடுமையம் இந்தப் படிதான், இதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுங்கள். ஒரு தாளில் கதையின் பெயரை எழுதி, அதன் கீழ் "குழந்தை இங்கே ____" என்று எழுதுங்கள். அந்தக் கோட்டில் "பார்க்கிறது" என்ற சொல் வரக் கூடாது.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் செய்வது: உயரக் கிளையில் காக்கா, கீழே நரி, ஓரத்தில் பாட்டி. அந்தக் காக்கா மூன்று வயதுக் குழந்தையின் கண்ணுக்கே எட்டாது. மாற்றிப் போடுங்கள். சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், கைப்பிடிச் சுவர் வைத்து, கிளை மாதிரி ஒரு மேடை. மேலே நிற்கிற குழந்தை காக்கா, கீழே நிற்கிறது நரி. இருவருக்கும் நடுவில் இரண்டு முனையிலும் புனல் வைத்த ஒரு பிவிசி குழாய். கீழே இருந்து "காக்கா காக்கா, ஒரு பாட்டுப் பாடு" என்று பேசினால் மேலே தெளிவாகக் கேட்கும், கரண்ட் வேண்டாம். மேலே இருப்பது பாடும்போது வடையைச் சறுக்குக் குழாயில் விட, அது கீழே நரியின் கையில் வந்து விழுகிறது.

சரி, அடுத்த ஜோடிக்கு வடை மேலே போக வேண்டுமே? புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஒரு தடவை ஆடியதும் ஆட்டம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கதைக்கும் ஓர் ஆளை நிறுத்த வேண்டியிருக்கும். இங்கே வழி எளிது: நரி வடையை எடுத்துக்கொண்டு நாலு அடி நடந்தால் பாட்டியின் திண்ணை, வாணலி. வாணலியில் போட்டால் பக்கத்தில் இருக்கும் கயிற்று வாளியில் இன்னொரு குழந்தை அதை வைத்து மேலே இழுக்கும். மூன்றாவது குழந்தைக்கும் வேலை கிடைத்துவிட்டது. வடை மென்மையான ரப்பரில் 20 செ.மீ. அகலம் இருக்கட்டும். அந்த அளவு வாய்க்குள்ளும் போகாது, பைக்குள்ளும் போகாது. தொலையாமல் இருக்கக் கயிறு கட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், கூடாது. ஏறி இறங்குகிற இடத்தில் தளர்வான கயிறு கழுத்தில் சுற்றும் ஆபத்து. வாளிக் கயிறும் இதே காரணத்தால் மூடிய குழாய்க்குள்தான் ஓட வேண்டும், குழந்தை சுற்றுவது கைப்பிடிச் சக்கரத்தை மட்டும்.

கிணற்றுக் கதையில் இன்னொரு யோசனை தேவை. கண்ணாடி போட்ட கிணறு, குழந்தை எட்டிப்பார்த்துக் கர்ஜிக்கும், இதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கதையில் எட்டிப்பார்த்த சிங்கம் அடுத்து என்ன செய்கிறது? உள்ளே குதிக்கிறது. பூங்காவில் செய்ததைக் குழந்தை ஊரிலும் செய்து பார்க்கும், நம் ஊர்களில் திறந்த கிணறுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அதனால் குழந்தைக்குச் சிங்கத்தின் வேலையைக் கொடுக்காதீர்கள், முயலின் வேலையைக் கொடுங்கள்.

எப்படி? 1.2 மீட்டர் விட்டமுள்ள கிணற்று உறைகளை அடுக்கி, முன்பக்கத்தில் ஒரு பெரிய சாளரத்தை வெட்டி, உடைந்தாலும் சிதறாத லேமினேட் கண்ணாடி போடுங்கள். உள்ளே தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் தட்டையாக ஒரு பளபளப்பான ஸ்டெயின்லெஸ் தகடு, அதுதான் தண்ணீர். கிணற்றின் எதிர்ப்பக்கம் சிங்கம், அதன் கழுத்தில் ஒரு அச்சு. சாளரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைக் குழந்தை அழுத்தினால் சிங்கம் மெல்லக் குனிந்து கிணற்றுக்குள் பார்க்கும். சாளரம் வழியாகக் குழந்தைக்குத் "தண்ணீரில்" இன்னொரு சிங்கம் நிமிர்ந்து பார்ப்பது தெரியும். கர்ஜனையைக் குழந்தைகளே போட்டுவிடுவார்கள், உறைக்குள் அது நன்றாக முழங்கும். சிங்கத்தின் தலை, குனிந்த நிலையில், கிணற்றின் தூரப் பாதிக்கு மேலே சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அதைவிட முன்னே வந்தால் 1 மீட்டர் உயரக் கண்ணுக்குப் பிம்பம் தெரியாது. மாலை வெளிச்சத்துக்கு 12 வோல்ட் எல்இடி ஒன்று வையுங்கள், ஆனால் வெளிச்சம் சிங்கத்தின் முகத்தில் விழ வேண்டும். தகட்டின்மேல் விளக்கடித்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். தூசி துடைக்கப் பின்பக்கம் பூட்டும் கதவும், கீழே வடிகால் துளையும் மறக்காதீர்கள்.

குரங்கும் முதலையும் சுலபம். ஆறு என்பது நீல ஆக்சைடு போட்ட தரை, தண்ணீர் வேண்டவே வேண்டாம். முதலை முதுகுகள் படிக்கற்களாக வரிசையாக இருக்க, குழந்தை தாண்டித் தாண்டிப் போகிறது; கடைசி முதலை மட்டும் ஸ்பிரிங்கில் ஆடும். அங்கிருந்து நாவல் மரத்தில் கயிற்று வலையைப் பிடித்து ஏறிவிட்டால் குரங்கு தப்பித்துவிட்டது. நிஜ நாவல் மரத்தை ஆட்ட இடத்துக்கு மேலே வைக்காதீர்கள், பழம் விழுந்து தரை வழுக்கும், ஈயும் தேனீயும் வரும். சற்றுத் தள்ளி நட்டால் போதும்.

புறாக்கள் கதையில் கூட்டாகச் செய்வதுதான் கதையே. எட்டுக் கயிறுகள், மேலே ஒரு வளையத்தில் புறாக்களும் வலையும். எதிர் எடை வைத்து, வளையத்தைத் தூக்க 15 கிலோ இழுவை தேவைப்படும்படி சரிசெய்தால், நாலைந்து குழந்தைகள் சேர்ந்தால்தான் அது எழும். ஆனால் ஓர் அப்பா வந்து தனியாக இழுத்துத் தூக்கிவிட்டால் கதை போச்சு. அதற்காக ஒவ்வொரு கயிற்றிலும் 4 கிலோவுக்குமேல் இழுத்தால் நீண்டுகொடுக்கும் ஸ்பிரிங் ஒன்று. தலைக்கு மேல் தொங்குகிற எடை என்பதால் இதற்குக் கட்டுமானப் பொறியாளரின் கையெழுத்து கட்டாயம். தனித்தனியாக இரண்டு பாதுகாப்பு வயர், வளையம் 2.5 மீட்டர் உயரத்துக்குக் கீழே இறங்காமல் தடுக்கும் நிறுத்தம், மெதுவாக இறங்க வைக்கும் டாம்பர், இவற்றில் ஒன்று குறைந்தாலும் வைக்க வேண்டாம்.

நான்கையும் வடித்தபின் ஒரு கேள்வி கேளுங்கள்: கரண்ட் போனால் எது நிற்கும்? எதுவும் நிற்கக் கூடாது.

4. கூட்டக் கணக்கு

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை குழந்தைகள், எவ்வளவு நேரம், அதிலிருந்து மணிக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுங்கள். காக்கா-நரி: மூன்று பேர், ஒன்றரை நிமிடம், ஆக மணிக்கு 120. கிணறு: சாளரத்தில் மூன்று பேர், 45 வினாடி, மணிக்கு 240. புறா: எட்டுப் பேர், 2 நிமிடம், அதுவும் 240. முதலை வரிசை நிற்காமல் ஓடும்.

உங்கள் எண்ணிக்கையில் ஞாயிறு மாலை மணிக்கு 200 குழந்தைகள் என்று வந்திருந்தால் காக்கா மரத்தில் அடிதடிதான். தீர்வு, அடுத்தடுத்து இரண்டு காக்கா மரம். இதை இப்போது தாளில் கண்டுபிடித்தால் ஒரு கோடு கூடுதல், கட்டியபின் கண்டுபிடித்தால் இடமே இருக்காது. ஆட்ட நேரத்தைச் சுருக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். "சீக்கிரம் சீக்கிரம்" என்று பின்னாலிருந்து தள்ளினால் எந்தக் குழந்தையும் பாடாது.

5. பாதை

ஒரே வாசல், ஒரே சுற்று. இரண்டு வாசல் வைத்தால் பெற்றோர் உட்காரவே மாட்டார்கள், குழந்தை எந்த வழியாக வெளியே போகுமோ என்ற பயத்தில் பின்னாலேயே ஓடுவார்கள்.

சுற்றின் தொடக்கத்தில் சின்னக் குழந்தைகளின் கதை, அதாவது பாட்டியும் வடையும். எல்லாவற்றிலும் உயரமான புறா வளையம் கடைக்கோடியில், ஆனால் வாசலிலிருந்தே தெரிய வேண்டும்; தூரத்தில் தெரியும் ஒன்றுதான் குழந்தையை உள்ளே இழுக்கும். நடுவில் இருக்கிற கதைகள் அப்படித் தெரியக் கூடாது. புதரோ மண்மேடோ வைத்து ஒரு வளைவுக்குப் பின்னால் மறையுங்கள், இல்லையென்றால் கிணற்றடியில் நிற்கும்போதே கண் முதலைக்குப் போய்விடும்.

அகலம் 1.8 மீட்டருக்குக் குறைய வேண்டாம், இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து போக அது வேண்டும். சரிவு 1:12க்குமேல் செங்குத்தாகக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இது கடமை. ஆனால் பாதை போட்டால் மட்டும் போதுமா? கிணற்றுக் கைப்பிடியும், எட்டுப் புறாக் கயிறுகளில் இரண்டும் உட்கார்ந்த நிலையில் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஆட விடாமல் இருப்பது கொடுமை.

பெற்றோருக்கான இருக்கையை ஒவ்வொரு கதையையும் பார்த்தபடி, நிழலில் வையுங்கள். கழிப்பறை, தண்ணீர்க் குழாய், பாலூட்டும் அறை ஆகியவற்றின் இடத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அவசரம் என்று சொன்ன குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்கா முழுக்க ஓடும் அம்மா திரும்பி வரமாட்டார்.

6. சுண்ணாம்புக் கோடும் ஒத்திகையும்

வரைபடம் முடிந்ததும் கான்ட்ராக்டரைக் கூப்பிடாதீர்கள். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் நிஜ அளவில் கோடு போடுங்கள். கிணற்றுக்கு ஒரு டிரம், முதலைக்கு மணல் மூட்டை, மேடைக்கு வகுப்பறைப் பெஞ்சு, மறைவுக்கு மூங்கிலும் பழைய புடவையும். பக்கத்துத் தெருக் குழந்தைகளைப் பெற்றோரோடு அழைத்து வந்து விளையாட விடுங்கள்.

பெரியவர்கள் யாரும் எதையும் விளக்கக் கூடாது, இதில் கண்டிப்பாக இருங்கள். "இப்படி இழு கண்ணா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த ஒத்திகையே வீண், ஏனென்றால் திறந்தபின் அங்கே சொல்ல ஆள் இருக்கப் போவதில்லை. நீங்கள் ஓரமாக நின்று மூன்றை மட்டும் குறியுங்கள்: எங்கே ஓடுகிறார்கள், எங்கே தயங்கி நிற்கிறார்கள், நீங்கள் நினைக்காத எதன்மேல் ஏறுகிறார்கள். மூன்றாவது மிக முக்கியம். பாட்டியின் தலைமேல் ஏறினார்கள் என்றால், கட்டும்போது பாட்டியை ஏறினாலும் தாங்குகிற மாதிரி கட்டுங்கள்; "ஏறாதே" என்று பலகை வைத்துப் பயனில்லை.

7. உயரம், இடைவெளி, விழும் இடம்

மூன்று வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் முழங்காலிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் அழகாக இருந்த கைப்பிடிச் சுவர் அந்த உயரத்தில் வெறும் சுவராகத்தான் தெரியும்.

9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரையான இடைவெளி எங்கேயும் இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்கிற அளவு அது. கம்பி, வலை, படிகளுக்கு நடுவே, முதலையின் வாய்க்குள் எல்லாம் அளந்து பாருங்கள். அதேபோல் 8 முதல் 25 மில்லிமீட்டர் துளை விரலைச் சிக்கவைக்கும். சிங்கத்தின் கழுத்து அச்சு மாதிரி அசைகிற மூட்டுகளை முழுவதும் மூடிவிடுங்கள்.

விழக்கூடிய இடங்களுக்கு அடியில், கயிற்று வலை 2 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால், 30 செ.மீ. ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணல். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போடாதீர்கள், அதன் கூரான துகள்கள் ஒன்றோடொன்று இறுகித் தரை கெட்டியாகிவிடும். மணலென்றால் நாய், பூனை வரும். இரவில் வலை விரித்து மூடவும், காலையில் கிளறிப் பார்க்கவும் ஆள் வேண்டும். ரப்பர் தரை போட நினைத்தால் நிழலுள்ள இடத்தில் மட்டும் போடுங்கள், வெயிலில் அது சுட்டெரிக்கும்.

8. இப்போது பட்டறைக்குப் போகலாம்

பட்டறையில் முதலில் களிமண் மாதிரி செய்வார்கள், அதன்மேல் அச்சு எடுத்து, அச்சிலிருந்து ஃபைபர் வரும். களிமண் நிலையிலேயே நீங்கள் நேரில் போய், அங்கேயும் முழங்காலிட்டுப் பார்க்க வேண்டும். பாட்டியின் முகம் பயமுறுத்துகிறதா, சிங்கத்தின் பல் கூராக இருக்கிறதா என்பது அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். களிமண்ணில் ஒரு மாற்றம் அரை மணி நேர வேலை. அச்சு எடுத்தபின் கேட்டால் புதுச் செலவு, சண்டை, தாமதம்.

நான்கு கதைக்கும் ஒரே ஓவியர் வரையட்டும். நெதர்லாந்தில் எஃப்டெலிங் பூங்காவின் தேவதைக் கதைக் காடு 1952இல் திறந்தது, அதை வரைந்தவர் ஆன்டன் பீக் என்ற ஓவியர். வீடு, கூரை, மரக்கதவு என்று எதைப் பார்த்தாலும் ஒரே கையின் கோடு தெரிவதால் பல கதைகள் இருந்தும் அது ஒரே ஊராக நிற்கிறது. நம் ஓவியர் நம் திண்ணையையும் ஓட்டுக் கூரையையும் மண் அடுப்பையும் பார்த்து வரைய வேண்டும். அய்யனார் கோயில் குதிரை செய்கிற வேளார்களின் சுடுமண் வேலை, கை எட்டிப்பிடிக்கும் உயரத்துக்கு மேலே வைத்தால், அலங்காரத்துக்கு அருமையாக இருக்கும். ஏறி விளையாடுகிற இடத்துக்குக் கம்பி வலைமேல் சிமெண்ட் பூசிச் செய்யும் ஃபெரோசிமெண்ட்தான் சரி, ஃபைபர் அடிபட்டால் விரிசல் விட்டுக் கையைக் கிழிக்கும்.

பெயிண்டுக்கு ஈய அளவுச் சான்று கேளுங்கள். இந்தியாவில் 2016 விதிகளின்படி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்குமேல் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல்) இருக்கக் கூடாது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது, பட்டறையில் அது சர்வசாதாரணமாக இருக்கும். குழந்தை முதலையை நக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

9. சத்தமும் எழுத்தும்

நான்கு கதைக்கும் நான்கு ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்க ஓடவிடுவதுதான் இந்த வேலையிலேயே மலிவான, மோசமான முடிவு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதுவும் புரியாது, அங்கே வேலை செய்கிறவருக்குத் தலைவலி, குழந்தை தானாகப் பாட நினைத்ததும் அடங்கிவிடும். 1950இல் திறந்த அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரக் குழந்தைகள் பூங்காவில் கதைப்பெட்டிகள் இருக்கின்றன, குழந்தை சாவியைப் போட்டுத் திருகினால்தான் கதை பேசும். ஒலி வேண்டுமென்றால் அந்த வழி நல்லது: யாராவது கேட்டால் மட்டும், சின்னச் சத்தத்தில்.

நம் கதைகளுக்குப் பெரும்பாலும் ஒரு பலகை போதும். அது குழந்தைக்கு அல்ல, கூட வரும் பெரியவர் வாசித்துச் சொல்ல. நாலைந்து வரி, கதை சொல்கிற பேச்சு நடையில், பெரிய எழுத்தில். "இக்கதையின் நீதி" வேண்டாம். பெரியவர் பலகையைப் படிக்கும்போதே ஆட்டமும் அவர் கண்ணில் பட வேண்டும், அதனால் பலகையை ஆட்டத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். எதிர்ச்சுவரில் வைத்தால் அவர் குழந்தைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டிவரும்.

10. நிழல், செடி, தண்ணீர், மின்சாரம்

புங்கம், வேம்பு, பூவரசு, மகிழம் நடலாம். அடர்ந்த நிழல் சீக்கிரம் வேண்டுமென்றால் புங்கம். மரம் வளரும்வரை கூரை வேண்டும், அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்குங்கள். இயற்கையழகு கான்ட்ராக்டர்கள் அரளியைத்தான் முதலில் நீட்டுவார்கள், ஆடுமாடு தின்னாது, எப்போதும் பூக்கும் என்று. அது முழுச் செடியும் விஷம். எருக்கு, ஊமத்தை, குன்றிமணி ஆகியவற்றுக்கும் இடமில்லை.

உலோகச் சறுக்கு எதுவாக இருந்தாலும் நிழலில். மே மாத மதியம் 2 மணிக்கு உள்ளங்கையை 5 வினாடி வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பொருளை மாற்றுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு உண்மையான சோதனை. நீலத் தரை ஆற்றைப் பள்ளமாக வெட்டாமல், நூற்றுக்கு ஒன்று சரிவு வைத்து ஓரத்தில் வடிகாலுக்கு விடுங்கள். முழங்கால் அளவு தேங்கிய தண்ணீரே ஒரு சின்னக் குழந்தைக்கு ஆபத்து, அத்தோடு கொசு. விளக்குகள் எல்லாம் 12 வோல்ட், அதற்கு முன்னால், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இணைப்புப் பெட்டிகள் தரையிலிருந்து உயரத்தில். தரைக்குள் புதைத்த பெட்டி முதல் மழையிலேயே தண்ணீர் குடிக்கும்.

11. திறப்பும் அதற்குப் பிந்தைய பராமரிப்பும்

அதிகாரப்பூர்வத் திறப்புக்கு முன் சில வாரம் சத்தமில்லாமல் திறந்துவிடுங்கள், முதலில் ஒரு பள்ளி, பிறகு பொதுமக்கள். ஆறாவது படியில் எழுதிய அதே மூன்று கேள்வியோடு மறுபடி நின்று பாருங்கள். எங்கே எதிர்பாராமல் வரிசை சேர்கிறது, எந்தக் கைப்பிடியைத் தவறாகத் திருப்புகிறார்கள் என்பது அப்போதுதான் வெளிவரும். திறப்பு விழாத் தேதிக்காக இதைச் சுருக்கச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

தினமும் காலையில் ஒருவர் கையேட்டோடு ஒரு சுற்று வர வேண்டும்: மணல், கயிறு, கண்ணாடி, தகட்டில் தூசி, ஆணி வெளியே நீட்டியிருக்கிறதா. இதற்கு அரை மணி நேரம் போதும். மாதம் ஒருமுறை புறா வளையத்தின் வயரும் நிறுத்தமும். செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன், வடிகாலையும் மின்பெட்டிகளையும் முழுவதும் திறந்து பார்க்க வேண்டும்.

வடை, கயிறு, ஸ்பிரிங், கைப்பிடி ஆகியவற்றில் உதிரி எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அச்சுகளைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் விலை பேசும்போதே "அச்சும் எங்களுக்கு" என்று எழுதி வாங்குங்கள், இரண்டு வருடம் கழித்துச் சிங்கத்தின் மூக்கு உடையும்போது அந்தப் பட்டறை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. உடைந்த ஆட்டத்தை "பழுது" என்று கயிறு கட்டி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதைவிட, அன்றே கழற்றி எடுத்துவிட்டு வெறும் மேடையாக விட்டால்கூடக் குழந்தைகள் அதில் ஏதாவது ஆடிக்கொள்வார்கள்.